தாராசுரத்தில் வீடு கிடைக்குமா? – தபாலக்கா பதில்கள்

(சென்ற இதழில் 'பெரிய ஊருக்குப் பக்கத்துச் சின்ன ஊர்' என்று தாராசுரத்தைப் பற்றித் தபாலக்கா எழுதியிருந்தார். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையில் நாலு கிலோமீட்டருக்குள் வருகிற ஊர். ஐராவதேசுவரர் கோயில், பட்டுத்தறி, மொத்தக் காய்கறி மார்க்கெட், இவைதான் அதன் அடையாளம். அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் தபாலக்கா. கட்டுரையைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: நானும் கணவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். சென்னை அடுக்குமாடி வாழ்க்கை போதும் என்றாகிவிட்டது. ஐராவதேசுவரர் கோயிலை ஒட்டி, மொட்டைமாடியில் நின்றால் கருவறைக்கு மேலே இருக்கிற விமானம் தெரிகிற மாதிரி ஒரு பழைய வீட்டை வாங்கி, இடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடலாமா அக்கா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: தாராளமாக வாங்க. 'இடித்துக் கட்டி' என்பதை மட்டும் சென்னையிலேயே விட்டுவிட்டு வாங்க.

கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பழஞ்சின்னங்களுக்கான 1958-ஆம் வருடச் சட்டத்தை 2010-ல் திருத்தினார்கள். அதன்படி பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும், உயரத்துக்கும் கட்டுப்பாடு வரும். மீறினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த 100 மீட்டரைக் கோபுரத்திலிருந்து அளப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். தொல்லியல் துறை வைத்திருக்கிற எல்லையிலிருந்துதான் அளவு தொடங்கும். வீட்டுத் தரகர் கோபுரத்திலிருந்து காலடி போட்டு எண்ணிக் காட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பழைய வீட்டைப் பழுது பார்க்கலாமா என்றால், பார்க்கலாம். 1992 ஜூன் 16-க்கு முன்பே அந்த வீடு இருந்தது என்று காட்ட வேண்டும், அனுமதிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். அதனால் வீட்டைப் பார்க்கிறபோது தூண் தேக்கா, திண்ணை அகலமா என்று பார்ப்பதற்கு முன்னால், பழைய வீட்டு வரி ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். 1992-க்கு முந்தைய ரசீதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிற வீட்டுக்காரர் அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம். எங்கள் பக்கத்தில் அந்த மாதிரிக் காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். வெள்ளையடிக்கிறபோது படத்தோடு சேர்ந்து அதுவும் பரணுக்குப் போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கும்பகோணம் வட்டாரத்தில் வீடு ஒருவருடையதாக இருக்கும், மனை கோயிலுடையதாகவோ மடத்துடையதாகவோ இருக்கும். அடிமனை வாடகை கட்டிக்கொண்டு மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டை 'சொந்த வீடு' என்று சொல்லித்தான் விற்பார்கள். வில்லங்கச் சான்று மட்டும் போதாது. பட்டா யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள், அறநிலையத்துறைப் பதிவேட்டில் அந்தச் சர்வே எண் வருகிறதா என்றும் விசாரியுங்கள். பணம் கொடுத்த பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிய மாட்டோம் என்று சொன்னால் தலையில் கைவைத்துத்தான் உட்கார வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் அந்தச் சட்டத்துக்கு நான் எதிரி என்று நினைக்காதீர்கள். அது மட்டும் இல்லாவிட்டால் இன்றைக்குக் கோயிலைச் சுற்றி நாலு மாடி லாட்ஜுகள்தான் நிற்கும். எனக்கிருக்கிற வருத்தம் வேறு. எங்கள் தெருவில் ஒரு தறிக்காரர், கல்யாணமான மகனுக்காக மாடியில் ஒரு அறை போட ஆசைப்பட்டார். விண்ணப்பம், வரைபடம், அளவு என்று ஒவ்வொன்றுக்கும் அலைந்தார். ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போச்சு. கடைசியில் மகன் கும்பகோணத்தில் வாடகைக்குப் போய்விட்டான். இப்போது இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், ஆனால் அதை உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்கத்தான் தெருவில் ஆள் இல்லை. படித்து ஓய்வு பெற்று வருகிற உங்களைப் போன்றவர்கள் அதைச் செய்து கொடுத்தால் ஊரே கொண்டாடும்.

விமானம் தெரிகிற மொட்டைமாடி கிடைக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம். 300 மீட்டர் தாண்டி வீடு பாருங்கள். தினம் காலையில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தால் முழங்காலுக்கும் நல்லது.

கேள்வி: 2021-ல் தாராசுரம் பேரூராட்சியைக் கும்பகோணம் மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்களே. இனிமேலும் தனி ஊர் என்று சொல்லிக்கொள்வது நியாயமா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: வரி ரசீதில் மாநகராட்சி. வாயில் இன்னும் "கும்மோணம் போயிட்டு வரேன்"தான். தெருவிளக்கு எரியவில்லை என்றால் முன்பு நடந்து போய்ச் சொல்லிவிட்டு வருவோம், இப்போது அதற்கும் பஸ். அப்புறம், எங்கள் அஞ்சல் குறியீட்டு எண் 612702. கும்பகோணத்துக்கு 612001. கல்யாணப் பத்திரிகை அனுப்புகிறவர்கள் இதை மறந்தால் தபால் கும்பகோணத்தைச் சுற்றிவிட்டு முகூர்த்தத்துக்கு மறுநாள் வந்து சேரும்.

கேள்வி: தாராசுரத்தில் நெசவாளர் வீட்டுக்கே போனால் பட்டுச்சேலை பாதி விலைக்குக் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா? மகள் கல்யாணத்துக்கு எடுக்க வேண்டும்.
– வாசகி, சேலம்

பதில்: பாதி விலைக்கு ஒருவர் தருகிறார் என்றால், அந்தச் சேலையில் பாதிதான் பட்டு.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள் அம்மா. தறியில் ஓடுகிற சேலை பெரும்பாலும் நெய்கிறவருடையது இல்லை. முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ பாவும் (நீளவாட்டு இழை) ஊடையும் (குறுக்கு இழை) ஜரிகையும் எடை போட்டுக் கொடுக்கும். நெய்து முடித்த சேலையை எடை போட்டுத்தான் வாங்குவார்கள். எடை குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்கு ஒரு வாரமும் ஆகும், இரண்டு வாரமும் ஆகும். இதில் நீங்கள் வாசலில் வந்து நின்று "இதை எனக்குக் கொடுங்கள்" என்றால், அடுத்தவர் சரக்கை அவர் எப்படிக் கொடுப்பார்?

சொந்தப் பாவு போட்டு நெய்து விற்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் வாங்குங்கள். கடையைவிடக் கொஞ்சம் குறையும், பாதியெல்லாம் குறையாது. சங்கத்து விற்பனை நிலையத்தில் தள்ளுபடிக் காலத்தில் வாங்குவதும் நல்லது. பட்டுக்கு 'சில்க் மார்க்', கைத்தறிக்கு 'ஹேண்ட்லூம் மார்க்' என்று தனித்தனி முத்திரை இருக்கிறது. இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள், விசைத்தறியில் ஓட்டிய சேலைக்கும் சில்க் மார்க் இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் ஓரத்து நூலில் ஒன்றை உருவித் தீயில் காட்டுங்கள். பட்டு என்றால் முடி கருகுகிற நாற்றம் அடிக்கும், விரலால் தேய்த்தால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் குண்டுமணி மாதிரி கெட்டியாக நிற்கும். ஜரிகைக்கு இது பலிக்காது. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. அதை வெள்ளி எவ்வளவு என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குவதுதான் ஒரே வழி.

ஊருக்கு வருகிறபோது சேலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பாவு பிணைக்கிறதைப் பாருங்கள். பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றுகிறபோது, பழைய இழையின் நுனியோடு புது இழையின் நுனியை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு திருகு, ஒரு மடிப்பு, அவ்வளவுதான். முடிச்சே இருக்காது, இழுத்தாலும் பிரியாது. முடிச்சு விழுந்தால் தறியில் சீப்பு மாதிரி இருக்கிற அச்சில் மாட்டிக்கொண்டு இழை அறுந்துவிடும். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா, பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டே, கண் வாசலில் இருக்க, விரல் தன் பாட்டுக்கு இதைச் செய்வார். என் மாமியார் எனக்கும் கற்றுக்கொடுத்தார். நான் பிணைத்த இடத்தையெல்லாம் தறியில் உட்கார்ந்ததும் என் கணவர் கண்டுபிடித்துவிடுவார்.

வீட்டில் தறி ஓடுகிறவர்களுக்கு அரசு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசமாகத் தருகிறது. 2023-க்கு முன்னால் அது 200 யூனிட். இது நிஜமான உதவி. ஆனாலும் எங்கள் தெருவில் சாயங்காலம் கேட்கிற தறிச் சத்தம் வருடத்துக்கு வருடம் குறைகிறது. பிள்ளைகள் திருப்பூர், சென்னை என்று போய்விட்டார்கள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. குழியில் காலைத் தொங்கப் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்த என் கணவரின் இடுப்பு வலி எனக்குத்தானே தெரியும்.

கேள்வி: எனக்குக் கோயம்புத்தூர். வருகிற தை மாதம் தாராசுரத்தில் கல்யாணமாகி வரப்போகிறேன். மாப்பிள்ளை வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள், எங்கள் வீட்டில் தமிழ்தான். எதற்கெடுத்தாலும் பக்கத்து ஊருக்கு ஓட வேண்டிய ஊரில் காலம் தள்ள முடியுமா என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பயப்படாதே கண்ணு. மொழியைப் பற்றிக் கவலையே வேண்டாம். கும்பகோணம், அய்யம்பேட்டை, திருபுவனம் என்று இந்தப் பக்கம் நெசவு இருக்கிற இடமெல்லாம் சௌராஷ்டிரக் குடும்பங்கள் உண்டு. வீட்டுக்குள் ஒரு மொழி, வாசலுக்கு வந்தால் தமிழ், இரண்டும் அவர்களுக்குச் சரளம். கொஞ்ச நாளில் உன் காது பழகிவிடும். உன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிகிற அளவுக்குப் பழகினால் முதலில் போதும்.

ஓடுகிறதைப் பற்றி. ஆமாம், ஓடத்தான் வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி, கல்லூரி, நகைக்கடை, சினிமா, விரைவு ரயில், எல்லாம் கும்பகோணம். ஆனால் தஞ்சாவூர் சாலையில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. நான் வந்த காலத்தில் நாலு பொருள் வாங்கப் போவதென்றால் வீட்டில் காசு கேட்க வேண்டும், எதற்கு என்று காரணமும் சொல்ல வேண்டும். இப்போது எங்கள் தெருப் பெண்கள் சும்மா காற்று வாங்கக்கூடப் போய்விட்டு வருகிறார்கள். இதை நான் பெரிய மாற்றமாகத்தான் பார்க்கிறேன். மேலே படிக்க ஆசையிருந்தால் கும்பகோணத்தில் 1854-ல் தொடங்கிய அரசுக் கல்லூரியே இருக்கிறது. கணித மேதை ராமானுஜன் படித்த கல்லூரி. அங்கே அவர் மற்றப் பாடங்களில் தேறாமல் போனதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தைரியமாக இருக்கும்.

காய்கறிக்கு மட்டும் கும்பகோணம்தான் எங்கள் ஊரைத் தேடி வரும். இரவு முழுக்க லாரி வந்து இறங்கும், விடிவதற்குள் சில்லறை வியாபாரிகள் மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போவார்கள். வீட்டுக்கு வாங்க அந்த நேரத்தில் போகாதே, உன்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கூட்டம் வடிந்த பிறகு போனால் நல்ல பேரம் படியும். அழுகல் இலையும் லாரிப் புகையுமாக ஒரு வாடை இருக்கும், அது பழக நாளாகும்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் மனசைத் தயார்ப்படுத்திக்கொள். இங்கே ரகசியம் நிற்காது. உனக்கு ஒரு பார்சல் வந்தால், நீ பிரிப்பதற்கு முன்பே அதில் என்ன இருக்கிறது என்று எதிர்வீட்டில் ஊகித்திருப்பார்கள். அஞ்சலகத்தில் இத்தனை காலம் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்ததைவிட டீக்கடைக்கு அதிகம் தெரியும். ஆனால் நடு ராத்திரியில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால் ஆட்டோவைக் கூப்பிடுவதும் அதே எதிர்வீடுதான். இரண்டில் ஒன்றை மட்டும் கேட்டு வாங்க முடியாது.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு வருகிறோம். மூன்று மணி நேரம்தான் இருக்கிறது. எதைக் காட்டுவது?
– ஆசிரியர், அரியலூர்

பதில்: அண்ணாந்து பார்க்கச் சொல்லாதீர்கள். விமானம் 24 மீட்டர் உயரம்தான். தஞ்சாவூரைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு "இவ்வளவுதானா" என்று இருக்கும். இந்தக் கோயிலைக் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

கருவறையைச் சுற்றி வெளிப்புறச் சுவரின் அடியில், ஒரு சாணுக்குச் சற்று கூடக்குறைய உயரத்தில் வரிசையாகச் சிற்பங்கள் இருக்கின்றன. பெரியபுராணத்து நாயன்மார் கதைகள். இரண்டாம் ராஜராஜன் காலம், 12-ஆம் நூற்றாண்டு. சேக்கிழார் பாடி அதிகக் காலம் ஆகாதபோதே கல்லில் ஏற்றிவிட்டார்கள். பிள்ளைகளைத் தரையில் உட்காரச் சொல்லுங்கள். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்கிற சிற்பத்தைத் தேடச் சொல்லுங்கள். முதலை வாயிலிருந்து பிள்ளை வெளியே வருவது உள்ளங்கை அகலத்தில் அவ்வளவு தெளிவாக இருக்கும். முதலில் கண்டுபிடித்தவருக்கு ஒரு கடலைமிட்டாய் என்று சொல்லிப் பாருங்கள், மூன்று மணி நேரம் போதாது.

அப்புறம் யானையும் காளையும் ஒரே தலையில் சேர்ந்திருக்கிற சிற்பம். ஒரு பக்கத்து உடம்பைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. ராஜகம்பீரன் மண்டபத்தில் குதிரை பூட்டிய தேர்ச்சக்கரம். முன்னால் பலிபீடத்துப் படிக்கட்டைத் தட்டினால் ஸ்வரம் வரும் என்பார்கள், இப்போது கம்பி போட்டு மூடியிருக்கிறார்கள். மூடியதே நல்லது. தட்டித் தட்டி வந்த சேதம் போதும்.

வெளியே கிழக்குப் பக்கம் நிற்கிற மொட்டைக் கோபுரத்தையும் காட்டுங்கள். மேல்நிலைகள் எல்லாம் போய் அடித்தளம் மட்டும் நிற்கிறது. கோயில் ஒரு காலத்தில் எவ்வளவு தூரம் விரிந்திருந்தது என்று அதை வைத்துத்தான் பிள்ளைகளுக்குப் புரியும். வடக்கே தனி மதிலுக்குள் அம்மன் கோயில் இருக்கிறது, பாதிப் பேர் அதைப் பார்க்காமலே பஸ் ஏறிவிடுகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. காலையிலேயே வந்துவிடுங்கள். வெயில் ஏறினால் கல்தரையில் வெறுங்காலோடு பிள்ளைகள் நிற்க மாட்டார்கள், மதியம் சன்னதி நடையும் சாத்திவிடுவார்கள்.

கேள்வி: தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் தாராசுரத்துச் சிலைகள் இருக்கின்றனவே. ஊருக்குத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கக் கூடாதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் ஊரில் இருக்கிறதை எங்களுக்கு எழுதித் தருகிறீர்களே, நல்ல மனசு.

யானையை உரித்துத் தோலைப் போர்த்திக்கொண்டு நிற்கிற கஜசம்ஹாரர் எங்கள் ஊர்க்காரர். பிட்சாடனரும் அவரைப் பார்த்து மயங்கி நிற்கிற ரிஷிபத்தினிகளும் எங்கள் ஊர்தான். எங்கள் ஊரிலிருந்து அங்கே போன துவாரபாலகர் கதை வேறு. அவர் இங்கே பிறந்தவர் இல்லை. 11-ஆம் நூற்றாண்டில் முதலாம் ராஜாதிராஜன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை அடித்துவிட்டு அங்கிருந்து கொண்டுவந்தவர் என்று அவர் பீடத்திலேயே வெட்டியிருக்கிறது. அவரை நாங்கள் திருப்பிக் கேட்டால் கர்நாடகக்காரர்கள் எங்களிடம் கேட்பார்களே, அப்போது என்ன சொல்வது?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். சிலைகள் அங்கே மழைபடாமல், களவு போகாமல் இருக்கின்றன. இருக்கட்டும். ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் தஞ்சாவூர் போய் அவற்றைப் பார்த்திருப்பார்கள்? நாற்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வருடம் ஒரு தடவை ஒரு பஸ்ஸில் ஏற்றிப் போய்க் காட்டிவிட்டு வந்தால் போதும். அதற்குக் கேட்டால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

கேள்வி: மழைக்காலத்தில் கோயிலுக்குள் தண்ணீர் நிற்கிற படத்தைப் பார்த்தேன். ஊரே அப்படித்தானா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கோயில் தரை சாலையைவிடப் பள்ளம். எண்ணூறு வருடத்துக்கு மேல் சுற்றிலும் மண் ஏறிக்கொண்டே வந்தால் நடுவில் இருப்பது பள்ளமாகாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு ஒவ்வொரு தடவை சாலை போடுகிறபோதும் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் நந்தி தண்ணீரில்தான். படம் எடுக்கிறவர்களுக்குக் கொண்டாட்டம், விமானத்தின் நிழல் தண்ணீரில் விழுகிறது என்று.

வீடுகளில் தறிக்குழியில் ஊற்று எடுக்கும். காவிரிப் படுகை, கொஞ்சம் தோண்டினாலே ஈரம். குழியில் தண்ணீர் நின்றால் தறி நின்றது, தறி நின்றால் கூலி நின்றது. தெருவில் பாவு நீட்ட முடியாது, நூல் ஈரம் வாங்கிக்கொள்ளும். தீபாவளி முடிந்து மழை வருகிற அந்த இரண்டு மாதத்துக்குத்தான் இங்கே நிறையப் பேர் நகையை அடகு வைப்பார்கள். வீடு பார்க்க வருகிறவர்கள் சித்திரையில் வந்து பார்க்காதீர்கள், கார்த்திகையில் வாருங்கள். தரை, சுவர், சாக்கடை மூன்றும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும்.

கேள்வி: 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததே. ஊருக்கு என்ன கிடைத்தது?
– வாசகர், ஈரோடு

பதில்: தஞ்சாவூர் பெரிய கோயில் 1987-லேயே பட்டியலில் ஏறிவிட்டது. நாங்களும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004-ல் அதோடு சேர்ந்தோம். கோயிலுக்குப் புல்தரை கிடைத்தது, சுத்தம் கிடைத்தது, காவல் கிடைத்தது. முன்பு மாடு கட்டியிருந்த இடமெல்லாம் இப்போது பூங்கா. நல்லதுதான்.

ஊருக்கு? வேன் வரும், ஒரு மணி நேரம் நிற்கும், சுவாமிமலைக்கோ பட்டீசுவரத்துக்கோ கிளம்பிவிடும். சாப்பாடும் தங்கலும் கும்பகோணத்தில். இங்கே இளநீர்க்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் ஏதோ கொஞ்சம் தேறும். கழிப்பறை எங்கே என்று எங்கள் வாசலில் வந்து கேட்கிற வெளியூர்ப் பெண்களை நான் திருப்பி அனுப்புவதில்லை, கொல்லைப்பக்கம் காட்டிவிடுவேன். சுற்றுலா வந்துதான் ஊர் பிழைக்கிறது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். மார்க்கெட்டும் தறியும்தான் அடுப்பை எரிய வைக்கின்றன.

கேள்வி: டிகிரி காபி தாராசுரத்தில் நன்றாக இருக்குமா, கும்பகோணத்திலா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: எங்கள் வீட்டில். பால்காரர் தண்ணீர் கலக்காத நாளில்.

கேள்வி: 2028-ல் மகாமகம் வருகிறது. அப்போது கும்பகோணத்தில் லாட்ஜ் கிடைக்காது. தாராசுரத்தில் தங்க இடம் பிடிக்க முடியுமா?
– வாசகர், மதுரை

பதில்: தம்பி, 2016 மகாமகத்தின்போது எனக்கு இத்தனை சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. கூடத்தில் ஆண்கள், இரண்டாங்கட்டில் பெண்கள், திண்ணையில் யார் என்றே தெரியாத இரண்டு பேர். அவர்கள் பக்கத்து வீட்டு விருந்தாளிகள் என்று மூன்றாம் நாள்தான் தெரியவந்தது. அதற்குள் எங்கள் வீட்டில் ஐந்து வேளை சாப்பிட்டிருந்தார்கள்.

கேட்டதற்குப் பதில். தீர்த்தவாரி அன்றைக்குத்தான் குளிக்க வேண்டும் என்று பிடிவாதம் இல்லாவிட்டால் கொடியேறிய முதல் இரண்டு மூன்று நாளில் வந்துவிட்டுப் போங்கள். நெரிசலில் மாட்டாமல் நிதானமாகக் குளிக்கலாம். அன்றைக்குத்தான் வேண்டும் என்றால் தஞ்சாவூரில் தங்கிக் காலை ரயிலில் வருவது உத்தமம், ஏனென்றால் அந்தச் சமயத்தில் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். தாராசுரத்தில் இப்போதே யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தெரிந்தவர் வீடு இருந்தால் மட்டும் வாருங்கள். வருகிறபோது ஆளுக்கு ஒரு போர்வையும் வீட்டுக்கு இரண்டு கிலோ சர்க்கரையும் கொண்டுவாருங்கள், யார் வீடாக இருந்தாலும்.